பி.எஸ்சி. நர்சிங்கா, ஜி.என்.எம்.மா? நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு ஆரம்பித்துவிடும். "பிள்ளை நர்சிங்தான் படிப்பேன்னு நிக்கா. பி.எஸ்சி.யில சேக்கவா, ஜி.என்.எம். போதுமாக்கா? பக்கத்துலயே ஒரு பிரைவேட் காலேஜ்ல இப்பவே இடம் தருதாவ, கவுன்சலிங் வர காத்துக் கிடக்கணுமா?" முக்கூடல், வள்ளியூர், அம்பாசமுத்திரம், திசையன்விளை என்று எங்கிருந்து கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய இதுதான். வார்டில் வேலை பார்த்துக்கொண்டே மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒவ்வொருவருக்கும் போனில் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். பி.எஸ்சி. நான்கு ஆண்டுப் பட்டம், ஜி.என்.எம். மூன்று ஆண்டு நர்சிங் டிப்ளமோ.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் பதிவு. படித்து முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிந்து, பதிவு எண் வாங்க வேண்டும். அந்த எண் இருந்தால்தான் சட்டப்படி நர்ஸ். பி.எஸ்சி., ஜி.என்.எம். இரண்டில் எதை முடித்தாலும் 'பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற தாதி' என்ற ஒரே பதிவுதான் கிடைக்கும். பலருக்கு இது தெரியாது. பட்டம் வாங்கினவள்தான் முழு நர்ஸ், டிப்ளமோக்காரி பாதி நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு கடன் வாங்குகிறார்கள்.

இரண்டாவது வார்டு. நான் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன். நர்சிங்கைப் புத்தகத்தை மட்டும் வைத்துப் படிக்க முடியாது. ரெக்கார்டு நோட்டை அச்சடித்த மாதிரி எழுதி வைத்திருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி, ட்ரிப் செட்டில் இருக்கும் காற்றை வெளியேற்றத் தெரியாமல் பாட்டிலைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் நோயாளியே கிடையாது. அரசு ஆஸ்பத்திரிக்கு போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சிக்கு, அனுப்பினாலும் ஒரே கட்டிலைச் சுற்றி மூன்று கல்லூரி யூனிபார்ம் நிற்கும், ஊசி போடும் முறை அவளுக்கு வராது. அதே வயதில் நல்ல ஆஸ்பத்திரிப் பள்ளியில் படிக்கும் ஜி.என்.எம். பிள்ளை, விடியற்காலை அத்தனை பேருக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு பார்த்துக் குறித்து, குடித்த தண்ணீருக்கும் போன சிறுநீருக்கும் கணக்குக் கூட்டி, அடுத்த ஷிப்டு சிஸ்டரிடம் தடுமாறாமல் ஒப்படைத்துவிட்டுப் போவாள்.

மூன்றாவது செலவு. முதலாம் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் கடைசி வருஷம் வரை கூட்டிப் பார்க்க வேண்டும். நான்காவது, முடித்தபின் எந்தெந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பது. ஐந்தாவது பிள்ளையின் நிலை: ஆங்கிலம் எப்படி, வெளியூரில் தங்குவாளா, நைட் ட்யூட்டிக்கு உடம்பு தாங்குமா.

இந்த ஐந்தையும் வைத்து ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

## வழி 1: கவுன்சலிங்கில் பி.எஸ்சி. நர்சிங்

நான்கு ஆண்டுப் படிப்பு. 2021 பாடத்திட்டத்துக்குப் பிறகு எட்டு செமஸ்டர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம் வேண்டும், மற்றவர்களுக்குத் தளர்வு உண்டு. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டுக் கவுன்சலிங் நடத்திவருகிறது. இதற்கு நீட் தேவைப்பட்டதில்லை. ஆனால் 2023-ல் வந்த தேசியச் செவிலியர் ஆணையச் சட்டம், சேர்க்கைக்கு நாடெங்கும் ஒரே சீரான முறை வேண்டும் என்கிறது. அதனால் பக்கத்து வீட்டு அக்கா போன வருஷம் சேர்ந்த கதையைக் கேட்டு நடக்காமல், அந்தந்த ஆண்டு விவரக் கையேட்டைப் படித்துவிடுங்கள்.

அரசுக் கல்லூரி கிடைத்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். கட்டணம் குறைவு, ஆஸ்பத்திரி பெரிது, வராத நோய் கிடையாது. சிக்கல் என்னவென்றால் அரசு பி.எஸ்சி. கல்லூரிகள் மிகக் குறைவு. நமக்குப் பெரும்பாலும் மதுரை, சென்னை என்று வெளியூர் போக வேண்டியிருக்கும். "பொம்பளப் பிள்ளையை அவ்ளோ தூரம் விடவா" என்று வீட்டில் தயங்கி, கிடைத்த அரசு இடத்தை விட்டவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அரசுக் கல்லூரியில் ஹாஸ்டல் இருக்கிறது. நாளைக்கு அவள் வேலை பார்க்கப்போவதும் பெரும்பாலும் வெளியூரில்தான்.

தனியார் கல்லூரிகளிலும் ஒரு பகுதி இடங்கள் அரசு ஒதுக்கீடாக இதே கவுன்சலிங்கில் வருகின்றன. கட்டணத்தை ஒரு குழு நிர்ணயித்திருக்கும், நேரடிச் சேர்க்கையைவிடக் குறைவு. வீட்டில் யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையைக் கவுன்சலிங் வழிதான் பெற முடியும். நேரடியாக இடம் வாங்கினால் அது போய்விடும்.

இதில் மறைந்திருக்கும் செலவு, காத்திருக்கும் காலம். மருத்துவக் கவுன்சலிங் இழுத்தால் இதுவும் இழுக்கும். அந்த இடைவெளியில்தான் தனியார் கல்லூரி ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, "கடைசி ரெண்டு சீட்டுதான் இருக்கு" என்பார். அட்வான்ஸ் கொடுத்து அசல் சான்றிதழையும் கொடுத்துவிட்டால், பிறகு அரசு இடம் வந்தாலும் சான்றிதழைத் திரும்ப வாங்குவதற்குள் கெடு முடிந்துவிடும். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அசலைக் கொடுக்காதீர்கள்.

## வழி 2: தனியாரில் நேரடியாக பி.எஸ்சி.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என்று நான்கு மாவட்டத்திலும் தனியார் நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், இடம் உடனே உறுதி. சிலவற்றில் நல்ல ஆசிரியர்களும் நல்ல ஆஸ்பத்திரியும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எது நல்லது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி கல்லூரிக்கென்று சொந்த ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், அதில் 100 படுக்கையாவது வேண்டும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது கணக்கு. இதைக் காகிதத்தில் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். நேரில் போங்கள். ஒரு வேலைநாளில் காலை எட்டு மணிக்கு அந்த ஆஸ்பத்திரிக்குள் நடந்து, கட்டிலில் நோயாளி இருக்கிறாரா, விரிப்பு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கல்லூரி பஸ் ஏறும் இரண்டாம் ஆண்டு மாணவியிடம், "தங்கச்சி, உனக்கு எங்க போஸ்டிங்? வாரத்துல எத்தனை நாள்? பிரசவ வார்டு பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். பிரின்சிபால் அறையில் கிடைக்காத பதில் அங்கே கிடைத்துவிடும்.

செலவு விஷயம். சேரும்போது சொல்லும் கட்டணத்தோடு ஹாஸ்டல், மெஸ், யூனிபார்ம், ரெக்கார்டு, லாக் புக், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், விளக்கேற்றும் விழா, கல்விச் சுற்றுலா என்று வரிசையாக வரும். மனநலப் பிரிவு போஸ்டிங் பெரும்பாலும் வெளியூரில் அமையும், தங்கும் செலவு தனி. "நாலு வருஷத்துக்கும் மொத்தமாக எவ்வளவு, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

அதைவிட மோசமானது பாண்டு, அதாவது வேலை ஒப்பந்தம். "படிச்சு முடிச்சதும் எங்க ஆஸ்பத்திரியிலேயே ரெண்டு வருஷம் வேலை" என்பதை வேலை உத்தரவாதம் மாதிரி சொல்வார்கள். சம்பளம் எவ்வளவு என்று அந்தத் தாளில் இருக்காது, சான்றிதழ் மட்டும் அவர்கள் பீரோவில் இருக்கும். நடுவில் அரசுத் தேர்வில் தேறினாலோ கல்யாணம் கூடினாலோ பணம் கட்டித்தான் மீட்க வேண்டும். இப்படிச் சான்றிதழைப் பிடித்து வைப்பது முறையல்ல. ஆனால் போராடி வாங்கும் தெம்பு எல்லா வீட்டுக்கும் இருக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பெங்களூர்ப் பக்கம் 'வகுப்புக்கு வரவேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்' என்று பேசும் ஏஜென்ட்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியின் பக்கத்தில் நிற்கக் கூடாது.

## வழி 3: ஜி.என்.எம்., அதன்பின் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.

மூன்று ஆண்டு டிப்ளமோ. நர்சிங் கவுன்சில் விதியில் 40 சதவீதம் போதும், ஆங்கிலத்தோடு எந்தப் பாடப்பிரிவு படித்தவர்களும் சேரலாம். அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை. சேரும் இடத்தின் அறிவிப்பில் வேறு நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த நர்சிங் பள்ளிகள் இருக்கின்றன. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 1965-லிருந்து இயங்கும் கல்லூரியைச் சேர்ந்தது. தென்மாவட்டத்து நோயாளிகள் அத்தனை பேரும் கடைசியில் வந்து சேரும் இடம் அது. அப்படிப்பட்ட வார்டில் மூன்று ஆண்டு நின்று பழகினால், பட்டப்படிப்புக்காரிக்கு எந்த வகையிலும் குறைந்தவளாக இருக்க மாட்டாள்.

தமிழ்நாட்டு அரசு நர்ஸ் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., தேர்வு வைக்கிறது. அதில் ஜி.என்.எம்.மும் பி.எஸ்சி.யும் ஒரே தாளை எழுதி, ஒரே வேலையில், ஒரே சம்பளத்தில் சேருகிறார்கள். தொடக்கம் தொகுப்பூதியம்தான், சில ஆண்டுக்கு முன் அதை மாதம் 18,000 ரூபாயாக உயர்த்தினார்கள். காலியிடம் வர வர மூப்புப்படி நிரந்தரம் செய்வார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தெருவில் இறங்கிப் போராடியவர்களையும் பார்த்திருப்பீர்கள். அரசு வேலைதான் குறி, அதுவும் தமிழ்நாட்டுக்குள்தான் என்றால், நான்காவது ஆண்டும் அதற்கான பணமும் உங்களுக்கு அவசியமில்லை.

பட்டம் வேண்டும் என்றால் பதிவு முடிந்தபின் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படிக்கலாம். மொத்தம் ஐந்து ஆண்டு ஆகும், நேரடி பி.எஸ்சி.யைவிட ஓர் ஆண்டு கூடுதல். ஆனால் நடுவில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் படிக்கலாம். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசில் வீடு ஓடுகிறது, அடுத்து தம்பி படிக்க வேண்டும் என்ற வீட்டில் இது பெரிய வித்தியாசம்.

குறை இல்லாமல் இல்லை. வேலையில் சேர்ந்தபின் திரும்பப் படிக்கப் போவது எளிதல்ல. கல்யாணம், குழந்தை, மாமியார் வீடு என்று போய், 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று நின்றுவிட்டவர்கள் நிறைய. ஜி.என்.எம்.மை மூடப்போகிறார்கள் என்று சில ஆண்டுக்கு முன் ஒரு பேச்சு வந்தது. படிப்பு இன்றும் நடக்கிறது, பதிவும் செல்லும்.

## வழி 4: ஏ.என்.எம்., மற்றும் பஜார் கோர்ஸ்கள்

ஏ.என்.எம். இரண்டு ஆண்டு. துணை செவிலியர் என்று தனிப் பதிவு கிடைக்கும். கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு இதுதான் அடிப்படை. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து பிக்மி எண் வாங்கித் தருவது, தடுப்பூசி, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என்று நல்ல வேலை அது. ஊரோடு இருந்து அந்த வேலை பார்க்கத்தான் ஆசை என்றால் தாராளமாகச் சேரலாம். ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் ஆக வேண்டும் என்பவளுக்கு இது போதாது.

ஆறு மாதத்தில், ஒரு வருஷத்தில் நர்சிங் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் போர்டு வைத்திருக்கும் இடங்களில் படித்தால் உதவியாளர் வேலைதான் கிடைக்கும், பதிவு எண் கிடையாது. வெள்ளை யூனிபார்ம் போட்டுப் போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள். பத்து வருஷம் வேலை பார்த்தாலும் அந்தப் பிள்ளை நர்ஸாகப் பதிய முடியாது. இதைச் சொல்லாமலே பணம் வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

## ஒரே பார்வையில்

| | பி.எஸ்சி. கவுன்சலிங் | பி.எஸ்சி. நேரடி | ஜி.என்.எம். | ஏ.என்.எம். |
|---|---|---|---|---|
| காலம் | 4 ஆண்டு | 4 ஆண்டு | 3 ஆண்டு | 2 ஆண்டு |
| பதிவு | முழுப் பதிவு | முழுப் பதிவு | முழுப் பதிவு | துணை செவிலியர் மட்டும் |
| செலவு | அரசில் குறைவு, தனியாரில் நடுத்தரம் | அதிகம் | அரசில் குறைவு, தனியாரில் நடுத்தரம் | குறைவு |
| எம்.ஆர்.பி. நர்ஸ் தேர்வு | உண்டு | உண்டு | உண்டு | இல்லை |
| எய்ம்ஸ் தேர்வு | முடித்ததும் எழுதலாம் | முடித்ததும் எழுதலாம் | 2 ஆண்டு அனுபவத்துக்குப் பின் | இல்லை |
| எம்.எஸ்சி. | நேராகப் போகலாம், அனுபவம் வேண்டும் | அதேபோல் | போஸ்ட் பேசிக் முடித்தால் | இல்லை |

## பட்டம் எங்கே கைகொடுக்கிறது?

மத்திய அரசு வேலை, வெளிநாடு, கற்பிக்கும் வேலை. இந்த மூன்றில் ஒன்று மனதில் இருந்தால் பி.எஸ்சி. பக்கம் தராசு சாயும்.

எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு நார்செட் என்று பொதுத் தேர்வு. நர்சிங் ஆபீசர் வேலை, அடிப்படைச் சம்பளம் மட்டுமே 44,900 ரூபாய். பி.எஸ்சி. முடித்துப் பதிந்தவள் உடனே எழுதலாம். ஜி.என்.எம். என்றால் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். இங்கே 80 சதவீத இடம் பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு. ஆண் பிள்ளைகள் எந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்பும், அங்கே ஆண்களுக்கு எத்தனை இடம் என்பதைக் கையேட்டில் முதலில் பாருங்கள். ராணுவ நர்சிங் கல்லூரிகள் பெண்களுக்கு மட்டும். அதற்கு நீட் மதிப்பெண் வேண்டும், படிப்புச் செலவை ராணுவம் பார்த்துக்கொள்ளும். நீட் எழுதி மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டைப் பற்றிப் பேசும்போது யாரும் பரீட்சைகளைச் சொல்வதில்லை. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ். இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, அதன்பின் அவர்கள் நர்சிங் தேர்வு இரண்டு கட்டம். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழித் தேர்வில் பி1, பி2 நிலை வரை. வளைகுடாவுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவமும் பிராமெட்ரிக் தேர்வும். சவுதி சுகாதார அமைச்சக வேலைக்கு பி.எஸ்சி. கேட்கிறார்கள். வளைகுடா போன்ற குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு, 2015-லிருந்து நர்ஸ்கள் அரசு அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான் போகலாம். தமிழ்நாட்டில் அது ஓ.எம்.சி.எல்., அரசு நிறுவனம். லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் கையில் காசு கொடுப்பதற்கு முன் ஓ.எம்.சி.எல். அறிவிப்பைப் பாருங்கள்.

பக்கத்துக் கேரளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2018-ல் அங்கே தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நம் பக்கத்துச் சிறு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் புதிதாகச் சேருபவளுக்கு அது கிடைப்பதில்லை. நேரடி பி.எஸ்சி.க்குக் கடன் வாங்கும்போது, இந்தத் தொடக்கச் சம்பளத்தில் மாதத் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். எய்ம்ஸ் சம்பளத்தை மனதில் வைத்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

## யாருக்கு எது?

மதிப்பெண் நன்றாக இருக்கிறது, வெளியூரில் தங்குவாள்: கவுன்சலிங், அரசு பி.எஸ்சி. வேறு யோசனை வேண்டாம்.

மதிப்பெண் நடுத்தரம், வீட்டில் பணமும் நடுத்தரம்: அரசு ஜி.என்.எம். பள்ளி, அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டும் கிடைத்தால் எந்த வார்டு பெரிது என்று பார்த்து முடிவுசெய்யுங்கள். நோயாளி இல்லாத கல்லூரியின் பி.எஸ்சி.யைவிட நெரிசலான ஆஸ்பத்திரியின் ஜி.என்.எம்.மை நான் தேர்ந்தெடுப்பேன்.

பணம் இருக்கிறது, வெளிநாடுதான் குறி, அரசு இடம் கிடைக்கவில்லை: தனியார் பி.எஸ்சி. சரி. ஆனால் மேலே சொன்ன காலை எட்டு மணிச் சோதனைக்குப் பிறகு. முதல் ஆண்டிலிருந்தே ஆங்கிலம் பேசப் பழக வேண்டும்.

தமிழ் மீடியத்தில் படித்தவள் பயப்படுகிறாள் என்றால்: பி.எஸ்சி., ஜி.என்.எம். எதில் போனாலும் உடற்கூறியலும் உடலியங்கியலும் ஆங்கிலத்தில்தான். முதல் செமஸ்டர் கண்ணீர்தான், மறைக்கவில்லை. எலும்பின் பெயர்களை லீவிலேயே எழுதிப் பழக ஆரம்பித்தால் பாதிப் பயம் போய்விடும். என் மாணவிகளில் கை நேர்த்தியானவர்கள் பலர் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள்தான்.

இரத்தம் பார்த்தால் மயக்கம், வீட்டில் சொல்கிறார்கள் என்பதற்காகச் சேர்கிறாள் என்றால்: எந்த வழியும் வேண்டாம். அவளை உட்காரவைத்துக் கேளுங்கள்.

## இப்போதே எடுத்துவைக்க வேண்டியவை

ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, டிப்ளமோவுக்கும் சேர்த்து. பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு மேல்நிலைக்குப் பிந்தைய உதவித்தொகை இருக்கிறது, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருக்கும் அம்மாக்கள், தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகையைத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பாருங்கள். அந்த அட்டையைப் பீரோ அடியில் வைத்துவிட்டு வட்டிக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வங்கிக் கடன் என்றால் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று வங்கி பார்க்கும். அதற்கு முன் நீங்களே செவிலியர் குழுமத்திலும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் அந்தக் கல்லூரியின் பெயர் இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.